‘மதுரை வீரன்’ எம்.ஜி.ஆர்.: கத்திச் சண்டையும் பாட்டும்

சென்ற இதழில் நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர் புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ படத்தைப் பற்றி எழுதியிருந்தார். 1973-ல் வந்த படம். ஐம்பது வருடம் தாண்டியும் பிள்ளைகள் அதை விடாமல் பார்க்கிறார்கள் என்றும், லாலோ ஷிஃப்ரின் போட்ட இசை தொடங்கினாலே உட்கார்ந்திருப்பவனும் எழுந்து கையை முறுக்குகிறான் என்றும் அழகாக எழுதியிருந்தார். படித்து முடித்ததும் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. மதுரையில் குடியிருந்துகொண்டு ஹாங்காங் கணக்கை மட்டும் பார்த்தால் எப்படி? நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு சண்டைப் படம் இருக்கிறது. அது அதற்கும் பதினேழு வருடம் மூத்தது. 1956 ஏப்ரல் 13-ல் வெளியான ‘மதுரை வீரன்’தான் அது. அதன் பாட்டுகள் இன்றைக்கும் சுற்றுவட்டாரத்தில் மைக் செட் கட்டினால் கேட்கின்றன. அதில் வாள் வீசியவர் இறந்தே முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. அரசியல் கலக்காமல் எழுத வேண்டும் என்பது நம் சங்கத்தின் வழக்கம். அதனால் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். இந்தக் கட்டுரையில் அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். நான் எழுத வந்தது கத்தியும் கம்பும் பிடித்த எம்.ஜி.ஆரைப் பற்றி. அந்தக் கத்திக்குப் பின்னால் ஒலித்த பாட்டைப் பற்றியும்.

மருதூர் கோபால ராமச்சந்திரன் 1917 ஜனவரி 17-ல் இலங்கையில், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தை கோபால மேனன், தாய் சத்தியபாமா. பிள்ளைக்கு விவரம் தெரிவதற்குள் தந்தை காலமாகிவிட்டார். தாயார் இரண்டு ஆண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் கொஞ்ச நாள். வீட்டில் அடுப்பெரிவது பெரிய பாடாக இருந்த காலம். மூத்தவர் சக்கரபாணியும் இளையவர் ராமச்சந்திரனும் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்குக் கலை வரவேண்டும் என்று சேர்க்கவில்லை. அங்கே மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கும் என்றுதான் சேர்த்தார்கள். அந்தக் கம்பெனியின் பெயர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி.

இந்தப் பாய்ஸ் கம்பெனி என்பதை இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆறேழு வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, புராண நாடகமும் சமூக நாடகமும் நடத்தும் கூட்டம். பெண் வேடமும் பையன்களே போடுவார்கள். காலையில் எழுந்ததும் பாட்டு வாத்தியார் ஆர்மோனியத்தோடு உட்காருவார். அது முடிந்தால் வசனப் பாடம். அப்புறம் ஆட்டம், கத்திச் சண்டை, கம்பு. தப்புச் செய்தால் அடி. எம்.ஜி.ஆருக்கு அங்கே வாத்தியாராக வாய்த்தவர்களில் ஒருவர் காளி என். ரத்தினம். பின்னாளில் சினிமாவில் சிரிப்பு நடிகராக நாம் பார்த்தவர். பிள்ளைகளைப் பழக்குவதில் அவர் மகா கண்டிப்பானவர்.

நம் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. சிலம்பம் பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கம்பைச் சுற்றுவது பிறகுதான், முதலில் காலடி. எந்தக் காலை எப்போது முன்னால் வைப்பது, எப்போது இழுப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆட்டத்தில் அடவுக்கும் அதே மாதிரிக் கணக்கு. கம்பெனிப் பையனுக்கு இரண்டும் ஒரே கொட்டகையில், ஒரே நாளில், ஒரே காலுக்குக் கிடைத்தன. பாட்டுக்குத் தாளம் போட்ட கையே கத்தியும் பிடித்தது. பின்னால் எம்.ஜி.ஆர். திரையில் போட்ட சண்டை ஏன் மற்றவர்கள் சண்டையைப் போல அடிதடியாகத் தெரியாமல் ஒரு ஆட்டம் போலத் தெரிந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். புரூஸ் லீயின் கதையும் ஏறக்குறைய இப்படியே. அவருடைய தந்தை கான்டனீஸ் இசை நாடக நடிகர். புரூஸ் லீ இளம் வயதில் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். ஆடத் தெரிந்தவன் அடிக்கும்போது அதில் ஒரு அழகு வந்துவிடுகிறது.

ஆனால் ராமச்சந்திரனிடம் ஒரு குறை இருந்தது. அந்தக் காலத்தில் அது சாதாரணக் குறை இல்லை. பாடி நிற்கும் குரல் அவருக்கு அமையவில்லை.

அதே கம்பெனியில் அவரோடு இருந்தவர் பி.யு. சின்னப்பா. புதுக்கோட்டைக்காரர். சிலம்பமும் மல்யுத்தமும் எடை தூக்குவதும் கற்றவர், கூடவே கம்பீரமாகப் பாடுபவர். 1940-ல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்டு, வாளும் வீசி, பாட்டும் பாடி நாட்டையே கிறங்கவைத்தார். இன்னொரு பக்கம் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவர் கத்தி எடுக்க வேண்டியதே இல்லை, வாய் திறந்தால் போதும். 1930-களிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் கதாநாயகன் என்றால் அவனே பாட வேண்டும். சொந்தக் குரல் இல்லாதவனுக்கு மந்திரி வேடமோ போலீஸ் வேடமோதான்.

எம்.ஜி.ஆருக்கும் அதுதான் கிடைத்தது. 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் சின்னப் போலீஸ் அதிகாரி வேடம். அப்போது வயது 19. கதாநாயகனாக அவர் நின்ற ‘ராஜகுமாரி’ 1947-ல் வந்தது. அப்போது வயது 30. நடுவில் பதினோரு வருடம். வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து பதினோரு வருடம் பதவி உயர்வு இல்லாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். எட்டாவது வருடம் முகத்தில் ஒரு சலிப்பு வந்து உட்கார்ந்துவிடும். இவர் அந்தப் பதினோரு வருடமும் உடம்பைக் கட்டிக் காத்தார். முதல் மனைவியை 1942-ல் பறிகொடுத்ததும் அந்த வருடங்களில்தான்.

காலம் இரண்டு விதமாக அவருக்கு வழிவிட்டது. பாகவதர் 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-ல் விடுதலையாகி வந்தபோது பழைய செல்வாக்கு திரும்பவில்லை. சின்னப்பா 1951-ல் முப்பத்தைந்து வயதிலேயே காலமானார். இதைவிடப் பெரிய மாற்றம் தொழிலில் நடந்தது. பின்னணிப் பாட்டு நிலைபெற்றது. ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கலாம் என்று ஆனது. சின்னப்பா ஒரே உடம்பில் சுமந்த இரண்டு வேலையை இனி இரண்டு பேர் பிரித்துக்கொள்ளலாம். கத்தி பிடிக்கத் தெரிந்து, பாடத் தெரியாத ஒருவருக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

பிறகு வேகம்தான். 1950-ல் ‘மந்திரி குமாரி’, 1951-ல் ‘மர்மயோகி’, ‘சர்வாதிகாரி’. மூன்றிலும் வாள். ‘மர்மயோகி’யில் ராபின் ஹூட் சாயல் உண்டு. 1954-ல் ‘மலைக்கள்ளன்’. இதில் ஒரு புதிய கூட்டு அமைந்தது. எம்.ஜி.ஆருக்கு டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை.

டி.எம்.எஸ். யார்? அசல் மதுரைக்காரர். 1922 மார்ச் 24-ல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் சங்கீதம் கற்றவர். பாகவதர் மாதிரியே பாடிப் பாடிப் பழகியவர். 1950-ல் ‘கிருஷ்ண விஜயம்’ மூலம் சினிமாவுக்குள் நுழைந்தார். பாகவதரின் நிழலில் நின்ற குரல், எம்.ஜி.ஆருக்குப் பாடத் தொடங்கியதும் தன் சொந்தத் தெம்பைக் கண்டுகொண்டது. சொற்கள் தெளிவாக விழும், நாபியிலிருந்து வரும் ஆண் குரல். மதுரையின் பெயர் தாங்கிய கம்பெனி வாள் பிடிக்கக் கற்றுத்தந்தது. இல்லாமல் இருந்த குரலையும் மதுரைதான் தந்தது.

இரண்டு வருடம் கழித்து கிருஷ்ணா பிக்சர்ஸ் லேனா செட்டியார் ‘மதுரை வீரன்’ எடுத்தார். இயக்கம் டி. யோகானந்த். திரைக்கதை, வசனம் கண்ணதாசன். இசை ஜி. ராமநாதன். பொம்மியாக பானுமதி, வெள்ளையம்மாளாக பத்மினி.

கதை நம் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. அரச குடும்பத்தில் பிறந்த குழந்தை, சகுனம் சரியில்லை என்று காட்டில் விடப்படுகிறது. செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்தவன் பாளையக்காரர் மகள் பொம்மியை விரும்பி அழைத்துச் செல்கிறான். திருச்சியில் படைவீரனாகி, அழகர் மலைக் கொள்ளையரை அடக்க மதுரைக்கு வருகிறான். இங்கே நடனப் பெண் வெள்ளையம்மாள் அவனை நேசிக்கிறாள். சூழ்ச்சி பலித்து, மாறுகால் மாறுகை வாங்கும் தண்டனைக்கு ஆளாகிறான். அநியாயமாகக் கொன்ற ஊரே அவனைத் தெய்வமாக்குகிறது. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரம் பக்கம் போகிறவர்கள் அவன் சன்னதியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகிற அவசரத்தில் பலர் அங்கே நிற்பதில்லை. சுற்றியுள்ள கிராமங்களில் அப்படிக் கடந்து போக முடியாது. அங்கே அவன் எல்லையைக் காக்கிற சாமி.

நான் வங்கியில் வேலை பார்த்த முப்பத்தைந்து வருடத்தில் பெரும்பகுதி மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிளைகளில் கழிந்தது. கையால் லெட்ஜர் எழுதிய காலம். ‘ம’ வரிசைப் பக்கத்தைத் திறந்தால் மதுரைவீரன், மதுரைவீரன், மதுரைவீரன் என்று வரிசையாக நிற்கும். தகப்பனார் பெயரையும் ஊரையும் பார்த்துத்தான் பணம் போட வேண்டும். பயிர்க் கடன் வாங்க வந்த ஒரு மதுரைவீரனின் மனைவி பெயர் பொம்மி என்று பார்த்தபோது, கவுன்ட்டரில் இருந்த எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தோம். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். கடனை ஒழுங்காகக் கட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மக்களுக்குத்தான் 1956-ல் அவர்கள் சாமி திரையில் வந்தார். அதுவரை அரிதாரம் பூசி மேடையில் வந்த ராஜாக்களும் புராணத் தேவர்களும் வேறு யாருடையவோ. இவர் செருப்புத் தைக்கிறவர் வீட்டில் சோறு தின்று வளர்ந்த வீரன். அந்த வளர்ப்புப் பெற்றோராக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வருகிறார்கள். சிரிக்க வைக்கிறவர்களைப் போட்டிருந்தாலும் அந்த வீட்டைக் கேலிப் பொருளாக்கவில்லை. வீரன் அவர்களை அப்பா, அம்மா என்றே மதிக்கிறான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் பிறப்பால் அரச குலம் என்பது கதையில் ஒரு பூச்சு என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எளிய வீட்டுப் பிள்ளை இவ்வளவு வீரனாக இருக்க முடியுமா என்று கேட்கிறவர்களைச் சமாதானப்படுத்த, ராஜா வீட்டு ரத்தம் என்று பின்னால் சேர்த்துக்கொண்டார்களாம். படம் அந்தப் பூச்சைச் சுரண்டவில்லை, அப்படியே வைத்துக்கொண்டது. எனக்கு அது படத்தின் பெரிய பலவீனமாகவே படுகிறது. ஆனால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்த கூட்டம் ராஜாவின் அரண்மனையை மறந்துவிட்டு, வளர்த்த வீட்டைத்தான் மனத்தில் எடுத்துக்கொண்டு போனது. எழுதியவர் கணக்கு ஒன்று, பார்த்தவர் கணக்கு இன்னொன்று.

இன்னொரு அதிசயமும் உண்டு. எம்.ஜி.ஆர். படத்தில் எம்.ஜி.ஆர். சாகக் கூடாது. இது பின்னால் எழுதப்படாத சட்டமே ஆகிவிட்டது. 1962-ல் ‘பாசம்’ படத்தில் அவர் இறந்துபோவார். ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை, படம் சரியாகப் போகவில்லை. ஆனால் ‘மதுரை வீரன்’ முடிவில் அவர் கையும் காலும் வெட்டுப்பட்டுச் சாகிறார். அந்தப் படம் பல ஊர்களில் நூறு நாள் ஓடியது, மதுரையில் வெள்ளி விழாவே கொண்டாடியது. சண்டைப் படம் என்றால் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்பார்கள். இந்தப் படத்தில் எல்லாச் சண்டையிலும் ஜெயித்தவன் கடைசியில் சூழ்ச்சிக்குத் தோற்கிறான். அந்தத் தோல்வியின் மேல்தான் படம் நிற்கிறது. அவன் சாமி என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால் மக்கள் அந்தச் சாவைத் தாங்கிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, சண்டைக்கு வருவோம். இப்போது அந்தப் படத்தைப் பார்க்கிற பிள்ளைகள், கம்பியில் தொங்கிப் பறக்காத சண்டை இவ்வளவுதானா என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்கள் முழு உருவமாகத் தெரிகிறார்கள். காலடி தெரிகிறது. எம்.ஜி.ஆர். எதிரியின் கண்ணைப் பார்க்கிறார், கத்தியைப் பார்ப்பதில்லை. முகத்தில் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம். எதிரி கையிலிருந்து வாள் நழுவினால் அவன் எடுக்கும்வரை நிற்பார். இது பல படங்களில் அவர் விடாமல் கடைப்பிடித்த வழக்கம். நிராயுதபாணியை அடிக்கக் கூடாது என்பது கம்பு வாத்தியார்கள் சொல்லித்தரும் பழைய ஒழுக்கம். அதன் உச்சத்தை 1969-ல் ‘அடிமைப் பெண்’ணில் பார்க்கலாம். எதிரியாக வரும் அசோகனுக்கு ஒரு கால் ஊனம். ஆகவே எம்.ஜி.ஆர். தன் காலில் ஒன்றை மடக்கிக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று சண்டை போடுவார். அதுவும் விரித்த வலை மேல், அடியில் ஈட்டிகள். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் எல்லாப் பையன்களும் ஒரு வாரம் நொண்டினோம்.

‘மதுரை வீரன்’ பாட்டுகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஜி. ராமநாதன் பாகவதர் படங்களுக்கு இசை போட்டு வளர்ந்தவர். கர்நாடக ராகத்தை எடுத்து, ராகம் என்றால் என்னவென்று தெரியாதவனும் வாய்விட்டுப் பாடும்படி இறக்கிக் கொடுப்பதில் அவருக்கு இணை குறைவு. சிவபெருமானின் திருவிளையாடலைச் சொல்லி பத்மினி ஆடும் பாட்டு சாருகேசி ராகம். எம்.எல். வசந்தகுமாரி பாடியது. மதுரைக் கதையை மதுரையில் நடக்கிற கதைக்குள் வைத்த பாட்டு அது. சங்கீதம் தெரிந்தவர்கள் கச்சேரி போலக் கேட்பார்கள். தெரியாதவர்கள் சாமி பாட்டாகக் கேட்பார்கள். டி.எம்.எஸ்ஸும் ஜிக்கியும் சேர்ந்து பாடிய காதல் பாட்டு வேறு ரகம். பானுமதி தன் பாட்டைத் தானே பாடிவிடுவார், அந்த அம்மாளுக்கு இரவல் குரல் தேவையில்லை.

கிராமங்களில் படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிடும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் பனை மரத்திலோ வேப்ப மரத்திலோ குழாய் கட்டுவார்கள். மைக் செட்காரர் பெட்டியைத் திறந்து இசைத்தட்டைத் துடைத்து வைப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். ரெண்டு மைல் தூரம் வயலில் நாற்று நடுகிறவர்களுக்கும் கேட்கும். பிறகு எப்போதாவது டூரிங் டாக்கீஸில் படம் வரும்போது, மணலைக் குவித்து உயரமாக்கி உட்கார்ந்திருக்கிற கூட்டம் பாட்டை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கும். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தச் சண்டை என்பதும் தெரிந்திருக்கும். பாட்டு வந்தால் வெளியே போகிறவர்கள் அங்கே இல்லை. இன்று நம் குடியிருப்புப் பிள்ளைகள் போனில் சண்டையை மட்டும் வெட்டி எடுத்த துண்டுகளைப் பார்க்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, கையில் இருக்கிற சாதனம் அப்படி. ஆனாலும் பாட்டை எடுத்துவிட்டால் அந்தச் சண்டைக்குப் பாதி உயிர்தான். வெள்ளையம்மாளின் ஆட்டத்தைப் பார்க்காதவனுக்கு, வீரனைத் தண்டிக்கும்போது அடிவயிறு கலங்காது.

1958-ல் எம்.ஜி.ஆர். தானே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ வந்தது. இருந்ததையெல்லாம் அதில் போட்டார். தோற்றால் தெருவில் நிற்க வேண்டும் என்கிற நிலை. ஜெயித்தது. அந்த வெற்றிக்கு விழா எடுத்து அவர் கையில் தங்க வாள் கொடுத்த ஊர் எது என்று கேட்டால், நம் மதுரைதான். விழா நடந்தது தமுக்கம் மைதானத்தில்.

அடுத்த வருடமே விழுந்தார். 1959 ஜூனில் சீர்காழியில் ‘இன்பக் கனவு’ நாடகம். அதில் ஒரு மல்லுக்கட்டு. குண்டுமணி என்ற பெருத்த உடம்புக்காரரைத் தூக்கிப் போட வேண்டும். தூக்கும்போது அவர் மேலேயே விழ, எம்.ஜி.ஆருக்குக் கால் எலும்பு முறிந்தது. இனி சண்டை போட முடியாது, நடிக்கவே முடியாது என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. மாதக்கணக்கில் படுத்திருந்தார். எழுந்து திரும்பவும் கத்தி பிடித்தார். ‘அடிமைப் பெண்’ணில் ஒற்றைக் காலில் நின்றது இந்த முறிவுக்குப் பத்து வருடம் கழித்து என்பதை மறந்துவிட வேண்டாம்.

இரண்டாவது அடி 1967 ஜனவரி 12-ல். ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் குரல் போயிற்று. அதாவது பேச முடிந்தது, பழைய கணீர் இல்லை. சொற்கள் குழறின. ஒரு பக்கக் காதும் மந்தமாகியது. நடிகனுக்கு, அதுவும் மேடையில் பேசி ஓட்டுக் கேட்கிறவருக்கு, இது கையும் காலும் வாங்கிய மாதிரிதான்.

அந்த நிலையில் வேறு ஒருவரை வைத்துத் தனக்கு வசனம் பேசச் சொல்லியிருக்கலாம். அவர் செய்யவில்லை. அந்த உடைந்த குரலிலேயே பேசினார். 1967 செப்டம்பரில் ‘காவல்காரன்’ வெளிவந்தது. அதில் அவர் குத்துச்சண்டை வேறு போடுவார். மாறிய குரலைக் கேட்ட ஜனங்கள் முகம் சுளிக்கவில்லை, அழுதார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் படம் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் பாட்டு வந்ததும் நிலைமை மாறும். பாட்டில் அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. டி.எம்.எஸ். குரல் பழையபடியே கணீரென்று வந்தது. பேசும்போது குண்டடி பட்டவர், பாடும்போது முழு ஆள். பாடத் தெரியாத குறைக்கு இரவல் வாங்கிய குரல், சொந்தக் குரல் உடைந்த பிறகு அவரைத் தூக்கி நிறுத்தியது. இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் வேறு எந்த நடிகருக்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. பின்னால் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஜேசுதாஸும் அவருக்குப் பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். ஆனாலும் கத்தி எடுத்தால் காதில் விழுவது டி.எம்.எஸ்.தான்.

அதற்குப் பிறகும் பத்து வருடம். 1971-ல் ‘ரிக்‌ஷாக்காரன்’. ரிக்‌ஷாவில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே கம்பு சுற்றுவார். வயது 54. இந்தியாவின் சிறந்த நடிகர் விருது அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. அதற்காக அழுது நடித்த படத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் சிரிப்பு. 1973 மே மாதம் ‘உலகம் சுற்றும் வாலிபன்’. 1970-ல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் போய் எடுத்த படம். அது வெளியாகி இரண்டு மாதத்தில், ஜூலை 20-ல், புரூஸ் லீ ஹாங்காங்கில் இறந்தார். ‘என்டர் தி டிராகன்’ வெளியானதை அவர் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வயது. 1976-ல் ‘உழைக்கும் கரங்கள்’ படத்தில் எம்.ஜி.ஆர். மான் கொம்பு பிடித்தார். நம் பக்கத்துச் சிலம்ப வாத்தியார்களிடம் மட்டுமே இருந்த ஆயுதத்தை நகரத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற என்னைப் போன்றவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

1977 ஜூன் 30-ல் முதலமைச்சரானார். அதற்குப் பிறகு 1978 பொங்கலுக்கு வெளிவந்ததுதான் அவரது கடைசிப் படம். அகிலனின் ‘கயல்விழி’ நாவலை வைத்து அவரே இயக்கிய வாள் வீச்சுப் படம். பெயர் ‘மதுரையை மீட்ட சுந்தர பாண்டியன்’. 1980 தேர்தலில் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று ஜெயித்தார். 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை மதுரையில் நடத்தினார். 1984-ல் நோயோடு அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே, அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1987 டிசம்பர் 24 அதிகாலையில் காலமானார்.

ஜி. ராமநாதன் 1963-லேயே போய்விட்டார். டி.எம்.எஸ். 2013 மே 25 வரை இருந்தார். எம்.ஜி.ஆர். இறந்து இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும், வயதான காலத்திலும் மேடையேறினால், கூட்டம் அவரிடம் கேட்டது எம்.ஜி.ஆர். பாட்டுகளைத்தான். அவரும் அலுக்காமல் பாடினார். மேலூர்ப் பக்கம் கோயில் கொடைக்குக் குழாய் கட்டும் ஒரு மைக் செட்காரரிடம் சமீபத்தில் பேசிக்கொண்டிருந்தேன். இசைத்தட்டு போய், கேசட் போய், இப்போது எல்லாம் ஒரு விரல் அளவு பென் டிரைவில் இருக்கிறது. வீரன் கோயில் என்றால் முதல் பாட்டு எது போடுவீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல பட்டனை அழுத்தினார்.